சாரத்துக்குள் மறைக்கும் வருத்தமும் தொழில் வருத்தமே



வேலைத்தலத்தில் கை வெட்டுப்பட்டால் கங்காணியிடம் சொல்கிறோம். இடுப்புப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறோம். காய்ச்சல் என்றால் வீட்டில் சொல்கிறோம். ஆனால் தொடையிடுக்கிலும் விதைப்பையிலும் தோல் காய்ந்து, வெடித்து, செதில் உதிர்ந்து, இரவு முழுக்கக் கடித்தால் ஓர் ஆண் அதை யாரிடமும் சொல்வதில்லை. மனைவியிடம் கூடச் சொல்வதில்லை. சந்திக் கடையிலோ பாமசியிலோ ஆளில்லாத நேரம் பார்த்து, "கடிக்கு ஒரு கிரீம் தாங்கோ" என்று மெதுவாகக் கேட்டு வாங்கி, பொக்கற்றுக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறார்.

இந்த வருத்தம் பெரும்பாலும் எமது வேலையோடும், நாம் குளிக்கும் தண்ணீரோடும், நாம் மாற்றாமல் நிற்கும் ஈர உடுப்போடும் சேர்ந்து வருகிறது. ஆகவே மற்றத் தொழில் வருத்தங்களைப் போலவே இதையும் வாய் திறந்து சொல்ல வேண்டும், வைத்தியரிடம் காட்ட வேண்டும், வேலை கொடுப்பவரிடம் அதற்கான வசதியைக் கேட்க வேண்டும் என்பது எமது கருத்து.

"நாட்சம்பளம் போதாமல் கிடக்கும்போது சங்கத்துக்கு இதுவா கதை?" என்று சில மூத்த தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கடியோடு வேலைக்குப் போகிறவர் நித்திரையில்லாமல் போகிறார். நடக்க முடியாத நாளில் வேலையை விடுகிறார், அன்றைய சம்பளம் போகிறது. கிரீமுக்கென்று மாதாமாதம் காசு போகிறது. மனைவிக்குச் சந்தேகம் வருகிறது, வீட்டில் கதை வேறுபக்கம் போகிறது. இத்தனையும் சம்பளத்தோடும் குடும்பத்தோடும் சேர்ந்த பிரச்சினைதான்.

வேலை, தண்ணீர், உடுப்பு

எமது குடும்பங்களில் பல 1958, 1977, 1983 கலவரங்களால் அடிபட்டும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் வந்த பட்டினியாலும் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தவை. லயத்தை விட்டு வந்தபோது பீலியையும் விட்டு வந்தோம். மலையில் குளிர் இருந்தது, ஓடுகிற தண்ணீர் இருந்தது. இங்கே வெயில் இருக்கிறது, தண்ணீர் தூரத்தில் இருக்கிறது. தென்னந்தோட்டத்தில் உரித்து அடுக்குகிறவரும், கஜுத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவரும், வயலில் கூலிக்கு இறங்குகிறவரும் காலையில் கட்டிய உடுப்போடு மாலை வரை வியர்வையில் நிற்கிறார்கள்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. தோல் ஈரத்தில் ஊறி, உப்பில் எரிந்து, நடக்க நடக்கத் தொடையோடு தொடை உரசி, மாலையில் காய்ந்து இறுகுகிறது. மறுநாள் திரும்ப நனைகிறது. நனைவதும் காய்வதும் உரசுவதும் நாள்தோறும் நடந்தால் எவருடைய தோலும் வெடிக்கும். சேற்றிலும் தண்ணீரிலும் மாறி மாறி நிற்கிறவரின் குதிக்கால் வெடிப்பதைப் போலத்தான் இதுவும். குதிக்கால் வெடிப்பைத் திண்ணையில் இருந்து எல்லோருக்கும் காட்டுகிறோம். இதை மட்டும் மறைக்கிறோம்.

அடுத்தது தண்ணீர். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சான்று. இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. நுரைக்கவில்லையென்று இன்னும் கூடப் போடுகிறோம். அது முழுதாகக் கழுவுப்படாமல் மடிப்புகளில் படிந்து நின்று தோலைக் காய வைக்கிறது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தையே உடம்புக்கும் போடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. அந்தச் சவர்க்காரம் துணியின் அழுக்குக்காகச் செய்யப்பட்டது. தோலில் இயற்கையாக இருக்கும் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும்.

பொதுக் கிணற்றில் குளிக்கும் முறையும் ஒரு காரணம். நாலுபேர் பார்க்கச் சாரத்தைக் கட்டியபடி வாளியால் ஊற்றிக் குளிக்கிறோம். உள்ளே கை போகாது; சவர்க்காரம் போனாலும் அதைக் கழுவப் போதிய தண்ணீர் போகாது; துடைப்பதும் இல்லை. ஈரச் சாரத்தின் மேலேயே காய்ந்த சாரத்தைப் போட்டு மாற்றுகிறோம். மறைப்பில்லாத கிணற்றடியில் ஓர் ஆண் வேறெப்படிக் குளிப்பான்? இது அவனது சோம்பல் அல்ல. நாலு தகரமும் நாலு கம்பும் இல்லாத குறை.

லண்டன் சிறுவர்கள் கற்றுத்தந்த பாடம்

மறைவிடத்து வருத்தத்தைத் தொழிலோடு சேர்த்துப் பார்ப்பது புதுக்கதை அல்ல. தொழில் வருத்தங்களின் சரித்திரத்தில் மிகப் பழைய பாடங்களில் ஒன்றே இதுதான்.

1775இல் லண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையின் சத்திர வைத்தியர் பேர்சிவல் பொட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் அங்கே வீடுகளின் புகைபோக்கிகளைத் துப்புரவாக்க ஏழைச் சிறுவர்களை உள்ளே ஏற்றிவிடுவார்கள். சிறுவர்கள் குறைந்த உடுப்போடு ஏறி இறங்கும்போது கரி விதைப்பையின் சுருக்கங்களில் படிந்தது. கழுவத் தண்ணீரும் இல்லை, கழுவும் வழக்கமும் இல்லை. ஆண்டுகள் போக அதே இடத்தில் புண் வந்தது, அது புற்றுநோய். ஆனால் வைத்தியர்களும் நோயாளிகளும் அதைப் பாலியல் நோய் என்றே எண்ணினார்கள். பாதரச மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தால் வருத்தம் இன்னும் மோசமானது. இது வேலையால், கரியால் வருவது என்று பொட் எழுதினார். ஒரு தொழிலின் அழுக்குக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் தெளிவாக எழுதப்பட்டது அங்கேதான்.

1892இல் ஹென்றி பட்லின் என்ற இன்னொரு சத்திர வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் புகைபோக்கித் தொழிலாளர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் இது இவ்வளவு வருவதில்லை? அவர் கண்ட விடை எளிமையானது. அங்கே உடம்பை மூடும் இறுக்கமான வேலை உடுப்பு இருந்தது. வேலை முடிந்தால் நாள்தோறும் உடம்பு முழுதும் கழுவும் வழக்கமும் இருந்தது.

பிறகு லங்காஷயர் பஞ்சாலைகளிலும் இதே கதை. நூல் நூற்கும் இயந்திரத்தின் எண்ணெய் தெறித்துத் தொழிலாளரின் காற்சட்டையின் முன்பக்கத்தை நனைத்தது. ஆண்டுகள் போக அதே இடத்தில் அதே வருத்தம். வெட்கத்தால் பலர் பிந்தியே வைத்தியரிடம் போனார்கள். கடைசியில் 1953இல் பிரித்தானியாவில் தனி விதிகள் வந்தன: எண்ணெயை மாற்ற வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளரை வைத்தியர் பார்க்க வேண்டும்.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. எமது ஆட்களுக்கு வரும் கடியும் காய்வும் புற்றுநோய் அல்ல. மிகப் பெரும்பாலானவை சில கிழமைப் பராமரிப்பிலும் சரியான மருந்திலும் மாறக்கூடியவை. நாம் எடுக்க வேண்டிய பாடம் வேறு. அந்தச் சிறுவர்களின் வருத்தத்தை "கெட்ட பழக்கம்" என்று எண்ணிய காலம் வரை பிழையான மருந்துதான் கிடைத்தது. வேலையால் வந்தது என்று சொன்ன பிறகுதான் தண்ணீரைப் பற்றியும் உடுப்பைப் பற்றியும் கதை வந்தது.

கடைக் கிரீம் செய்யும் வேலை

அன்று பாதரசம் செய்த வேலையை இன்று கடைக் கிரீம் செய்கிறது. சீட்டில்லாமல் வாங்கும் பல "கடிக் கிரீம்"களில் ஸ்டீரொயிட் மருந்து இருக்கிறது. பூசினால் இரண்டு நாளில் சிவப்பும் கடியும் அடங்கும். சுகமாகிவிட்டது என்று நினைத்து விடுவோம். உள்ளே படை இருந்தால் அது சாகவில்லை. தோலின் எதிர்ப்பு அடங்கியதால் சத்தமில்லாமல் பரவுகிறது. கிரீமை விட்டதும் முன்பைவிட அகலமாகத் திரும்புகிறது. திரும்பப் பூசுகிறோம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தோல் மெலிந்து, இளஞ்சிவப்பாகி, வெடித்த கோடுகள் விழுந்து, வியர்வை பட்டாலே எரியும். அந்தக் கோடுகள் பிறகு மாறுவதில்லை.

இந்த இடத்தில் ஸ்டீரொயிட் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? விதைப்பையின் தோல் மிக மெல்லியது. மருந்து அதற்குள்ளால் இலகுவாக உள்ளே போகும். 1967இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் முன்கைத் தோலினூடாகப் போவதைவிட விதைப்பைத் தோலினூடாக 42 மடங்கு கூடுதலாகப் போனதாக அளந்தார்கள். முன்கைக்கு ஏற்ற கிரீம் அங்கே ஏற்றதல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பக்கத்து நாடான இந்தியாவில் இது பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஸ்டீரொயிட்டும் படை மருந்தும் கலந்த கிரீம்களைக் கண்டபடி பூசியதில், வழமையான மருந்துக்கு அடங்காத படை பரவியது. 2018இல் இந்திய அரசு இவ்வகை ஸ்டீரொயிட் கிரீம்களை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு புதிய படைப் பங்கசுக்குப் பெயர் வைத்தார்கள். இந்தியரிடமும் நேபாளியரிடமும் கண்ட அந்தப் பங்கசு, டேர்பினபின் என்ற முக்கிய மருந்துக்கே அடங்கவில்லை. தொழிலுக்கும் கோயிலுக்கும் நாம் போய்வரும் நாடு அது; வருத்தத்துக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

கிரீம்களின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. குளோட்ரிமசோல் என்பது படைக்கான மருந்து. குளோபெட்டசோல் என்பது கடும் ஸ்டீரொயிட். சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். பீட்டாமெத்தசோன் என்று இருந்தாலும் ஸ்டீரொயிட்தான். ரியூப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. வாசிக்க முடியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். எங்கே பூசினீர்கள் என்று கேட்க மாட்டோம். பல மாதங்களாக இவற்றைப் பூசி வருகிறவர்கள் விட்டவுடன் எரிவும் கடியும் சில நாள் கூடலாம். அதற்குப் பயந்து திரும்பப் பூசாமல், ரியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

மருந்தடிக்கிறவர்கள் கவனிக்க

ஸ்டீரொயிட் உள்ளே போகும் அதே வாசலால் பூச்சி மருந்தும் உள்ளே போகும். 1971இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் பரத்தியோன் என்ற பூச்சி மருந்தை அளந்தார்கள். முன்கையில் பட்டதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடம்புக்குள் போனது. விதைப்பையில் பட்டது ஏறத்தாழ முழுதும் போனது. பரத்தியோன் இலங்கையில் எப்போதோ தடைசெய்யப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு அளவில் போகும் என்பதும் உண்மை. ஆனால் எந்த மருந்துக்கும் அந்தத் தோல்தான் மிக இலகுவான வழி.

முதுகில் சுமக்கும் ஸ்பிறேயர் எங்கே ஒழுகும் என்று மருந்தடிக்கிற எல்லோருக்கும் தெரியும். மூடி இறுகாவிட்டால் முதுகால் வழிந்து இடுப்புக்கு வந்து, சாரத்தையோ காற்சட்டையையோ நனைத்துக் கவட்டில் தங்கும். அந்த ஈரத்தோடு மாலை வரை நிற்கிறோம். வீட்டில் தோலில் எரிவு, காய்வு, உரிவு. காரணம் "சூடு" என்று சொல்லி இளநீர் குடிக்கிறோம். சூடு அல்ல தோழர்களே, மருந்து. உடுப்பு நனைந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். தலைச்சுற்று, வாந்தி, வாயூறல், மூச்சு முட்டல் வந்தால் மருந்துப் போத்தலின் லேபலையும் எடுத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மருந்தடித்த உடுப்பை வீட்டு உடுப்போடு, விசேடமாகப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது.

இன்னொரு சின்ன விடயம், ஆனால் பெரிய விடயம். சிறுநீர் கழித்த பின் கை கழுவ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தோட்டத்தில் வேலை செய்கிறவர் அதற்கு முன்னும் கழுவ வேண்டும். பூச்சி மருந்து, உரம், கஜுக்கொட்டைக் கோதின் எண்ணெய் எல்லாம் கையால்தான் அங்கே போகின்றன. கஜு உடைக்கிறவரின் உள்ளங்கைத் தடித்த தோலையே கருக்கி உரிக்கும் எண்ணெய் அது. மெல்லிய தோலில் பட்டால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எது எது, என்ன செய்வது

எல்லாக் கடியும் ஒரே கடி அல்ல. நாமே வைத்தியராக வேண்டியதில்லை. ஆனால் அடையாளம் தெரிந்திருந்தால் பிழையான வழியில் போக மாட்டோம்.

தோல் காய்ந்து, மெல்லிய செதில் உதிர்ந்து, வட்டமோ ஓரமோ இல்லாமல் எரிந்தால் அது பெரும்பாலும் சவர்க்காரம், வியர்வை, உரசல் ஆகியவற்றால் வந்தது. தொடையிடுக்கில் தொடங்கி, ஓரம் தடித்துச் செதிலோடு வட்டமாகப் பரவினால் அது படை. படை உள்ளவரின் கால் விரலிடுக்கையும் பாருங்கள். அங்கே உள்ள சேற்றுப்புண்ணிலிருந்து துவாயாலும் உடுப்பாலும் மேலே வந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் குணமாக்காவிட்டால் திரும்ப வரும்.

இரவில் கடி கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்களும் ஆண்குறியிலும் விதைப்பையிலும் சிறு கட்டிகளும் வந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் கடித்தால் அது சொறி. சொறிக்கு ஓர் ஆள் மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. ஒரே இரவில் வீட்டில் எல்லோரும் பூச வேண்டும். பாய், தலையணை உறை, உடுப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் போட வேண்டும்.

முன்தோல் சிவந்து, வெள்ளை படிந்து, ஓரம் வெடித்து, பின்னுக்குத் தள்ள நோகிறது என்றால் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். சீனி வருத்தம் இருக்கிறதென்று பலருக்கு முதலில் அறிவிப்பதே இந்த வெடிப்புத்தான். தோலில் வெள்ளைத் தழும்பு விழுந்து முன்தோல் இறுகிக்கொண்டு வந்தாலும் பிந்தக் கூடாது. ஆறாத புண், கட்டி, சலம், அரையில் நெறி கட்டுதல் இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும். கணவன், மனைவி இருவரும் போக வேண்டும். வெறும் காய்வும் கடியும் மட்டும் இருப்பதைப் பாலியல் நோய் என்று முடிவுகட்டி வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம். தோழியரே, இதை உங்களுக்காகவும் எழுதுகிறோம்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. வேலை முடிந்ததும் ஒருமுறை நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். சவர்க்காரம் போட்டால் மென்மையான குளியல் சவர்க்காரம், கொஞ்சமாக, வழுவழுப்புப் போகும்வரை கழுவுங்கள். முன்தோலை நோகாமல் தள்ளக்கூடிய அளவு தள்ளி வெறும் தண்ணீரால் கழுவித் திரும்ப இழுத்துவிடுங்கள். தும்பால் தேய்க்க வேண்டாம். காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தொடையிடுக்கு முழுதாகக் காய்ந்த பின் உடுப்பைப் போடுங்கள். உள்ளாடை பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். நாளுக்கொன்று மாற்றி, வெட்கப்பட்டு வீட்டு மூலையில் உலர்த்தாமல் வெயிலில் போடுங்கள். துவாய் ஆளுக்கொன்று.

காய்ந்து செதில் விழும் தோலுக்குக் குளித்துத் துடைத்ததும் தேங்காயெண்ணெயோ வசிலினோ மெல்லியதாகப் பூசினால் போதும். ஈரமாக, படையாக இருக்கும் மடிப்பில் எண்ணெய் பூச வேண்டாம். எண்ணெயும் வசிலினும் ஆணுறையைக் கிழியச் செய்யும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். டெற்றோல், மண்ணெண்ணெய், தேசிக்காய்ப் புளி, உப்பு, வலித்தைலம், குளிர் பவுடர் இவை எதுவும் அங்கே வேண்டாம். எரிந்தால்தான் கிருமி சாகும் என்பது பிழையான நம்பிக்கை; எரிவது எமது தோல்தான். வைத்தியர் படை மருந்து தந்தால், கடி நின்ற நாளோடு நிறுத்தாமல் அவர் சொன்ன நாள் முழுதும் பூசுங்கள். இரண்டு கிழமைப் பராமரிப்பில் குறையாவிட்டால் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கோ பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கோ போங்கள். காசு இல்லை. "தோல் வருத்தம், ஆண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்" என்று துண்டு எழுதுமிடத்தில் சொன்னால் போதும். இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம் கேட்க வேண்டியவை

"தோலை நீயே பார்த்துக்கொள்" என்று தொழிலாளியிடம் மட்டும் சொல்லி முடிப்பது நியாயமல்ல. தண்ணீரில்லாத இடத்தில் கழுவு என்பதும், மாற்றுடுப்பு வைக்க இடமில்லாத இடத்தில் உடுப்பை மாற்று என்பதும் வெறும் உபதேசம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001இல் நிறைவேற்றிய விவசாயப் பாதுகாப்பு உடன்படிக்கை, இலக்கம் 184, விவசாயத் தொழிலாளிக்கு அவரது செலவில்லாமல் போதிய நலன்புரி வசதிகள் வேண்டும் என்கிறது. அதே அமைப்பின் 2010 தொழில் நோய்ப் பட்டியலில் தோல் நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

ஒன்று, ஒவ்வொரு வேலைத்தலத்திலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக மறைப்புள்ள கழுவுமிடமும் தண்ணீரும் வேண்டும். மலசலகூடம் இல்லாமல் கொழுந்து மலையில் எமது தாய்மார் பட்ட பாடு எமக்குத் தெரியும். இங்கும் அது தொடரக் கூடாது. இரண்டு, மருந்தடிக்கும் நாளில் ஒழுகாத ஸ்பிறேயரும், இடுப்புக்குக் கீழும் மூடும் நீர் புகாத உடுப்பும் வேலை கொடுப்பவரே தர வேண்டும். கழுவி உடுப்பு மாற்றும் அரைமணி நேரம் சம்பள நேரமாகக் கணிக்கப்பட வேண்டும். மூன்று, கிளினிக் துண்டு காட்டுகிறவருக்கு அந்த நாட்சம்பளம் வெட்டப்படக் கூடாது. நான்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேட்டு, ஆண்களுக்கென்று தனியாக ஒரு கூட்டமும் சீனிப் பரிசோதனையும் எமது குடியிருப்புகளிலேயே நடத்த வேண்டும். பெண்களைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் வீடுவரை வருகிறார். ஆணின் உடம்பைப் பற்றிக் கதைக்க எமது குடியிருப்புக்கு எவரும் வருவதில்லை. அவனும் எவரிடமும் போவதில்லை.

பொதுக் கிணற்றடிக்கு மறைப்புக் கட்டுவதற்கு எவரையும் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைக்குக் கிளை ஒரு சிரமதானம் போதும். பழைய தகரமோ கிடுகோ எந்த வீட்டிலும் இருக்கும். மற்ற நான்கையும் கேட்பதற்கு உங்கள் வாய் வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் ஆண் தோழர்கள் மட்டும் இருக்கும் அரைமணி நேரம் ஒன்றை ஒதுக்குமாறு கிளைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் எழுத மாட்டோம். எத்தனை பேருக்கு இந்த வருத்தம், எத்தனை வேலைநாள் போனது, கிரீமுக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் எண்ணுவோம். அந்தக் கணக்கோடு நிர்வாகத்திடம் போவோம். அதுவரை, இன்று மாலை குளித்துவிட்டு நன்றாகத் துடையுங்கள். பொக்கற்றுக்குள் இருக்கும் ரியூப்பை நாளை வைத்தியரிடம் காட்டுங்கள்.